பழைய ஆம்ப்ளிஃபயரைத் திறந்து திருத்துவதா, புதிதாக ஒன்று கட்டுவதா?

சைதை ரசிகன்

எல்லாருக்கும் வணக்கம். சித்தப்பா 1989இல் துபாயிலிருந்து கொண்டுவந்த ஜப்பான் ஆம்ப்ளிஃபயர் இப்போது என்னிடம் இருக்கிறது. சேனலுக்கு 40 வாட்ஸ். ஸ்பீக்கர், 6.5 இஞ்ச் ஊஃபர் (கீழ்ச்சத்தத்துக்கான ஸ்பீக்கர்) போட்டு உள்ளூரில் செய்த இரண்டு பெட்டிகள். முன்பக்கம் போர்ட், அதாவது காற்று போய்வர பைப் வைத்த துளை, உண்டு. சைதாப்பேட்டையில் வாடகை வீடு, பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. கச்சேரிப் பதிவுகளும் எண்பதுகளின் சினிமாப் பாட்டுகளும்தான் அதிகம் கேட்பேன்.

பிரச்சினை இரண்டு. ஒன்று, ஹம்மிங் (விடாமல் வரும் ரீங்காரம்). இடது பக்கம் கூடுதலாக வருகிறது. இன்னொன்று, கீழ்ச்சத்தம் எல்லாம் ஒரே 'தொம்'மாகக் கேட்கிறது. மிருதங்கத்தின் இடது கை என்ன செய்கிறது என்றே தெரிவதில்லை.

ஒரு கடையில் கேட்டேன். உள்ளே ஒலியைப் பெருக்கும் சின்ன 4558 ஐசியை எடுத்துவிட்டு அதன் இடத்தில் 5532 போடுங்கள், கெப்பாசிட்டர் மொத்தத்தையும் மாற்றுங்கள், சரியாகிவிடும் என்றார்கள். நண்பர் ஒருவர் அதை ஓரமாக வைத்துவிட்டு எல்எம்3886 என்ற பவர் ஆம்ப்ளிஃபயர் ஐசி வைத்துப் புதிதாகக் கட்டச் சொல்கிறார். கையில் பதினைந்தாயிரம் ரூபாய் இருக்கிறது. சால்டரிங் கல்லூரியில் பழகியது. எதில் கைவைக்கலாம்?

டொராய்டு

தம்பி, பணத்தை அப்படியே வைத்திருங்கள். ஹம்மிங் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் ஐசியை மாற்றினால், புது ஐசியோடு அதே ஹம்மிங்கைக் கேட்க வேண்டியிருக்கும்.

முதலில் ஆம்ப்ளிஃபயரின் பின்னால் செருகியிருக்கும் அத்தனை ஆர்சிஏ வயரையும் (மற்றக் கருவிகளிலிருந்து ஒலி கொண்டுவரும் வயர்) பிடுங்குங்கள். ஸ்பீக்கர் மட்டும் இருக்கட்டும். வால்யூமை முழுக்கக் குறைத்துவிட்டு ஊஃபருக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேளுங்கள். அப்புறம் ஒவ்வொரு வயராகச் செருகி, எதைச் செருகும்போது சத்தம் ஏறுகிறது என்று பாருங்கள். சத்தத்தின் தன்மையையும் கவனியுங்கள். மெத்தென்று 'ம்ம்ம்' என்றால் பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ்; எர்த் சுற்று (இரண்டு எர்த் வழியாக ஓடும் வேண்டாத மின்னோட்டம்), அல்லது டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலம். கரகரப்போடு 'ஸ்ர்ர்' என்று வந்தால் 100 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். அப்படியென்றால் ஏசியை டிசியாக்கும் டயோடு பிரிட்ஜுக்குப் பிறகு, பவர் சப்ளை பக்கம் தேட வேண்டும்.

கேட்டுவிட்டு எழுதுங்கள். யாராவது கம்ப்யூட்டரின் எர்த் பின்னை வெட்டிவிட்டால் ஹம்மிங் போய்விடும் என்று சொல்வார்கள். ஹம்மிங் போகும், அதோடு உங்கள் பாதுகாப்பும் போகும். அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

சைதை ரசிகன்

நன்றி சார். பார்த்துவிட்டேன். எல்லா வயரையும் எடுத்த பிறகும் இடது பக்கம் மட்டும் லேசாகக் கரகரப்பு. வால்யூம் குமிழைப் பக்கவாட்டில் அழுத்தினால் அது மாறுகிறது. கம்ப்யூட்டரை மட்டும் செருகினால் புதிதாக ஒன்றும் சேரவில்லை. செட்டாப் பாக்ஸையும் சேர்த்துச் செருகியதும் இரண்டு பக்கமும் 'ம்ம்ம்' பெரிதாக வருகிறது.

டொராய்டு

அருமையாகக் கவனித்திருக்கிறீர்கள். உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனி ஹம்மிங்.

பெரியது எர்த் சுற்று. கம்ப்யூட்டரின் த்ரீ பின் பிளக் உங்கள் வீட்டு எர்த்தோடு சேர்கிறது. கேபிள்காரர் இழுத்துவந்த கோஆக்ஸ் வயரின் வெளி வலை வேறு எங்கோ, மாடியிலோ அடுத்த கட்டடத்திலோ, எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். இரண்டு எர்த்துக்கும் நடுவே சில வோல்ட் வித்தியாசம் இருந்தால் போதும், அந்த மின்னோட்டம் உங்கள் ஆர்சிஏ வயரின் ஷீல்டு வழியாகத்தான் ஓடும். கோஆக்ஸைக் கழற்றியதும் ஹம்மிங் நின்றால் சந்தேகமே வேண்டாம். டிவியிலிருந்து ஆப்டிகல் வயரில் சத்தத்தை எடுத்து டிஜிட்டலை ஒலி சிக்னலாக மாற்றும் ஒரு சின்ன டிஏசி வழியாக ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுங்கள். ஒளி போகும் வழியில் மின்சாரம் போகாது, சுற்று அங்கேயே அறுந்துவிடும்.

மல்டிமீட்டர் இருந்தால், பழக்கப்பட்ட எலக்ட்ரீஷியனை வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே எத்தனை வோல்ட் என்று பாருங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் என்றால் வீட்டு எர்த்திங்கையே கவனிக்க வேண்டும். சென்னையின் மணல் பாங்கான பகுதிகளில் கோடையில் எர்த் பிட் காய்ந்துவிடும். தண்ணீர் ஊற்றும் வழக்கம் பல அடுக்குமாடிகளில் நின்றே போய்விட்டது.

சின்னது, அந்த இடது பக்கக் கரகரப்பு. பவர் சப்ளை கெப்பாசிட்டர் போயிருந்தால் இரண்டு பக்கமும் வரும். குமிழை அழுத்தினால் மாறுகிறது என்பதே முகவரியைச் சொல்லிவிட்டது. வால்யூம் கண்ட்ரோலின் கால்களில் டிரை சால்டர், அதாவது சரியாக ஒட்டாத ஈயம், இருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெரிய கெப்பாசிட்டர் இரண்டையும் 100 ஓம்ஸ் 5 வாட்ஸ் ரெசிஸ்டரால் டிஸ்சார்ஜ் செய்து, மீட்டரில் பூஜ்யம் காட்டியதும் போர்டைத் திருப்புங்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் காலைச் சுற்றி முடி அளவுக்கு ஒரு வட்டக் கோடு தெரியும். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு 60/40 ஈயத்தைப் புதிதாக வையுங்கள்.

இன்னொன்று. துபாயிலிருந்து வந்த செட்டில் பின்பக்கம் வோல்டேஜ் செலக்டர் இருக்கிறதா? 220இல் இருந்தால் 240க்கு மாற்றுங்கள். ராத்திரியில் நம் லைன் 240ஐத் தாண்டுவது சாதாரணம்.

திருவான்மியூர் அலை

டொராய்டு சாரோடு ஒரு விஷயத்தில் உடன்பட மாட்டேன். ஐசி மாற்றத்தை இப்படி ஒதுக்கிவிட முடியாது. என் செட்டில் 4558ஐ எடுத்துவிட்டு 5532 போட்டபோது வயலினின் மேல்ஸ்தாயி திறந்துகொண்டதை நான் கேட்டேன். அப்புறம் ஓபிஏ2134 போட்டேன், இன்னும் இனிமை. டேட்டா ஷீட்டும் அதைத்தான் சொல்கிறது: 4558இன் ஸ்லூ ரேட் (வோல்ட் எவ்வளவு வேகமாக ஏறி இறங்க முடியும் என்ற அளவு) மைக்ரோ செகண்டுக்கு 1 வோல்ட் அளவு, 5532இல் 9. பதினைந்தாயிரத்தில் நூறு ரூபாய் செலவு இது. செய்து பார்ப்பதில் என்ன நஷ்டம்?

ஈயப்பற்று

அலை சார், செய்து பார்ப்பதை நானும் தடுக்க மாட்டேன். ஆனால் தம்பியின் செட்டில் நேராகக் கழற்றி மாட்டுவதற்கு முன் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். 5532 கூடுதல் கரண்ட் இழுக்கும். 4558 சுமார் மூன்றரை மில்லி ஆம்பியர் எடுத்தால் இது எட்டு எடுக்கும். பழைய செட்களில் ஐசிக்கான 15 வோல்ட்டை ஒரு ரெசிஸ்டரும், வோல்ட்டை நிலையாக வைக்கும் ஜீனர் டயோடும்தான் தருகின்றன. அந்த ரெசிஸ்டர் இதற்குத் தாங்குமா என்று கணக்குப் போட வேண்டும். அடுத்தது, 5532இன் இன்புட் பயாஸ் கரண்ட் (ஐசியின் உள்வாயில் ஓடும் சின்ன டிசி) அதிகம். வால்யூம் கண்ட்ரோலுக்கும் ஐசிக்கும் நடுவே கெப்பாசிட்டர் இல்லையென்றால் குமிழைத் திருப்பும்போது கர்கர் என்று வரும். பிறகு பாவம் வால்யூம் கண்ட்ரோல் மேல் பழி விழும். ஐசியின் பவர் கால்களுக்கு ஒட்டி 100 நானோ ஃபாரட் செராமிக் வைக்காவிட்டால் வேகமான ஐசி ஆசிலேட் ஆகவும் (தானே அலையெழுப்பவும்) கூடும். அது காதுக்குத் தெரியாது, ஐசி சுடும்.

ஸ்லூ ரேட் பற்றி: வால்யூம் பகுதியில் ஓரிரு வோல்ட் மட்டுமே போய்வருகிறது. 20 கிலோ ஹெர்ட்ஸில் 2 வோல்ட் உச்சத்துக்குத் தேவைப்படும் ஸ்லூ ரேட் மைக்ரோ செகண்டுக்கு கால் வோல்ட்தான். 4558 அதைத் தாராளமாகத் தரும்.

கேட்டீர்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஒரு முறை இப்படிச் சோதியுங்கள். 200 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் ஏசி வோல்ட்டை அளந்து, இரண்டு ஐசிக்கும் ஒரே அளவு வருகிறதா என்று பாருங்கள். சாதாரண மீட்டர் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் நம்பும்படி காட்டாது, அதனால்தான் 200 சொன்னேன். 2.00 வோல்ட்டுக்கு 2.02 என்று வந்தாலே 0.1 டெசிபல் வித்தியாசம். அதை விடப் பெரிய வித்தியாசம் இருந்தால், சத்தம் கூடியதைக் காது 'தெளிவு' என்று எடுத்துக்கொள்ளும். அளவைச் சமமாக்கிய பிறகு வீட்டில் யாரையாவது மாற்றச் சொல்லி, எது என்று தெரியாமல் கேளுங்கள்.

திருவான்மியூர் அலை

நியாயமான சோதனை. என்னிடம் இரண்டு ஒரே மாதிரி போர்டு இருக்கிறது, ஐசி சாக்கெட்டோடு. செய்து பார்த்து எழுதுகிறேன். கடல் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சாக்கெட் வைத்தால் தங்க முலாம் பூசியது வையுங்கள். மற்றதெல்லாம் உப்புக்காற்றில் கறுத்து, கொஞ்ச நாளில் அதுவே சத்தம் போட ஆரம்பிக்கும்.

வலந்தலை

ரசிகன் தம்பி எழுதிய இரண்டாவது பிரச்சினையை எல்லாரும் விட்டுவிட்டீர்களே. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. நான் மிருதங்கம் வாசிப்பவள்.

மற்றத் தோல்கருவிகள் பலவற்றில் மேற்சுரங்கள் (அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து ஒலிப்பவை) தாறுமாறாக இருக்கும், அதனால் வெறும் தட்டோசைதான் கேட்கும். மிருதங்கத்தின் வலது பக்கமான வலந்தலையில் வைக்கும் கரணை (நடுவில் உள்ள கறுப்புப் பூச்சு) அந்த மேற்சுரங்களை முழு எண் விகிதத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது. சி.வி. ராமன் 1920இல் 'நேச்சர்' இதழிலும், பிறகு 1934இல் விரிவாகவும் இதை எழுதினார். அடிப்படைச் சுரத்தோடு சேர்த்து ஐந்து, தந்தி வாத்தியத்தில் வருவதுபோல் வரிசையாக நிற்கின்றன. அதனால்தான் மிருதங்கத்துக்கு ஸ்ருதி சேர்க்க முடிகிறது. ஒரு ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல வாத்தியம் எனக்குத் தெரியாது. 'தீம்' விழுந்த பிறகு அதன் நாதம் தம்பூராவோடு சேர்ந்து நிற்க வேண்டும்.

இடது பக்கமான தொப்பியில் கும்கி கொடுக்கும்போது மணிக்கட்டால் தோலை அழுத்தித் தள்ளுவோம். சுரம் கீழேயிருந்து வழுக்கி மேலே ஏறும். நல்ல ஸ்பீக்கரில் அந்த வழுக்கலை முழுக்கத் தொடர்ந்து போகலாம். கெட்ட பெட்டியில் நடுவில் ஒரு இடத்தில் மட்டும் 'தொம்' என்று குதித்துவிட்டு மீதி காணாமல் போகும். ரசிகன் தம்பி சொல்வது அதுதான். ஐசியோ கெப்பாசிட்டரோ அதைத் திருத்தாது. பெட்டியையும் அறையையும் பாருங்கள்.

டொராய்டு

மேடம் சொன்னது நூற்றுக்கு நூறு. தம்பி, காசே செலவில்லாத சோதனை ஒன்று: இரண்டு பெட்டியின் போர்ட்டையும் பழைய காட்டன் துணியால் இறுக்கமாக அடைத்துவிட்டு அதே பதிவைக் கேளுங்கள். உள்ளூர்ப் பெட்டிகளில் போர்ட் பைப்பின் நீளம் கையில் கிடைத்த பிவிசி துண்டின் நீளம்தான். எந்த அலைவரிசைக்கு ட்யூன் ஆகியிருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

பெட்டியின் அளவு அழகுக்காக வைப்பது இல்லை. ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961இலும் ரிச்சர்ட் ஸ்மால் எழுபதுகளிலும் இதற்கான கணக்கை முழுசாகத் தந்துவிட்டார்கள். உதாரணத்துக்கு, எஃப்எஸ் (ஊஃபர் இயல்பாக அதிரும் அலைவரிசை) 45 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் (அந்த அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்ற எண்) 0.35, வாஸ் (கூம்பின் தொங்கலுக்கு ஈடான விறைப்புள்ள காற்றின் அளவு) 20 லிட்டர் என்று ஒரு ஊஃபர். மூடிய பெட்டியில் வைத்த பிறகு அந்த அடங்கும் எண், அதாவது மொத்த க்யூ, 0.7 வர வேண்டுமென்றால் பெட்டி ஆறரை லிட்டர் போதும், ஒலி 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே மெதுவாக இறங்கும். பெட்டியை அதைவிடச் சின்னதாக்கினால் க்யூ ஏறி, தொம் தொம் என்று கட்டும். இந்த மூன்று எண்ணும் தராத ஊஃபரை எவ்வளவு பெரிய மேக்னட் காட்டி விற்றாலும் வாங்காதீர்கள்.

இப்போது அறை. உங்கள் சீலிங்கும் பத்து அடிதானே? சென்னை வெக்கையில் ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 349 மீட்டர். பத்தடி சுவர்களுக்கு நடுவே 57 ஹெர்ட்ஸில் நிலை அலை (சுவர்களில் மாறி மாறி மோதி ஒரே இடத்தில் கூடிக்கொள்ளும் ஒலி) நிற்கும். தரைக்கும் சீலிங்குக்கும் நடுவிலும் அதே பத்தடி, அதே 57. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. பன்னிரண்டு அடிப் பக்கம் 48. மொசைக் தரை, சிமெண்ட் சுவர், கம்பளம் கிடையாது. எதுவும் அதை உறிஞ்சப்போவதில்லை. கட்டிலைச் சுவரோடு போட்டு அதில் சாய்ந்து கேட்கிறீர்கள் என்றால், தொம் சத்தம் உச்சத்தில் இருக்கும் இடத்திலேயே தலை இருக்கிறது. நாற்காலியைச் சுவரிலிருந்து மூன்றடி முன்னால் இழுத்துப் போடுங்கள். பெட்டிகளையும் மூலையிலிருந்து வெளியே எடுங்கள்.

லேப்டாப்பில் 20இலிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஸ்வீப்பை ஓடவிட்டு அறையைச் சுற்றி நடந்து பாருங்கள். எஃகு பீரோவின் கதவு ஒரு இடத்தில் உறுமும். ஜன்னல் கம்பி ஒரு இடத்தில். பீரோ கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே சின்ன ரப்பர் துண்டு வைத்தால் போதும், நிற்கும். பிறகு ஒரு இலவம்பஞ்சு மெத்தையைப் பின்சுவரில் சாய்த்து வைத்துக் கேளுங்கள். ஐம்பது ஹெர்ட்ஸை அது தொடாது, ஆனால் வெற்றுச் சுவர் திருப்பி அடிக்கும் எதிரொலி அடங்கி, குரல் தெளிவாகும்.

சைதை ரசிகன்

சார், மேடம், நேற்று ராத்திரி போர்ட்டை அடைத்தேன், நாற்காலியையும் இழுத்துப் போட்டேன். தனி ஆவர்த்தனத்தில் இடது கை ஏறி இறங்குவது கேட்கிறது! கீழ்ச்சத்தத்தின் அளவு குறைந்திருக்கிறது, ஆனால் இப்போதுதான் அதில் சுரம் இருக்கிறது. வால்யூம் கண்ட்ரோல் கால்களில் சார் சொன்ன வட்டக் கோடு இரண்டு இடத்தில் இருந்தது. ஈயம் வைத்ததும் கரகரப்பு போய்விட்டது. ஆப்டிகல் டிஏசி ஆர்டர் போட்டிருக்கிறேன்.

ஒரு செய்தி. ஊஃபரின் ஓரத்து ஃபோமை விரலால் தொட்டேன், பிசுபிசுவென்று கையோடு வந்துவிட்டது. ரப்பர் ஓரம் போடலாமா? அப்புறம், பணம் மிச்சம் இருப்பதால் கட்டும் ஆசையும் போகவில்லை.

ஈயப்பற்று

ஃபோம் நம் ஈரக்காற்றில் அப்படித்தான் ஆகும். அதே அளவு ஃபோமே போடுங்கள். ரப்பர் கனம் கூடுதல், கூம்பின் எடையும் விறைப்பும் மாறினால் டொராய்டு சார் சொன்ன மூன்று எண்ணும் மாறிவிடும்.

கட்டுங்கள் தம்பி, ஆசையை விடாதீர்கள். கையால் கட்டிய ஒன்றில் பாட்டு வரும் அந்த முதல் நிமிஷத்துக்கு ஈடே கிடையாது. எல்எம்3886க்கு 18-0-18 டிரான்ஸ்பார்மர் (நடு வயரின் இரண்டு பக்கமும் 18 வோல்ட் ஏசி) போதும். டிசி சுமார் 24 வோல்ட் இரண்டு பக்கமும் வரும், 8 ஓம்ஸில் 25 வாட்ஸ் தாராளம். 24-0-24 வாங்கச் சொல்வார்கள். அதில் 4 ஓம்ஸ் ஸ்பீக்கர் போட்டால் ஐசி சூடாகி, உள்ளே இருக்கும் பாதுகாப்பு பாட்டின் நடுவே வெட்டும்.

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் ஹீட் சிங்க், கேபினெட், ஃபியூஸ் ஹோல்டர், சொன்னபடி சுற்றித் தரும் டிரான்ஸ்பார்மர் எல்லாம் கண்ணால் பார்த்து வாங்கலாம். டிரான்ஸ்பார்மர் வாங்கும்போது வயர் முனையின் எனாமலை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்து ஈயமும் ஒட்ட மறுத்தால் அலுமினியம், வேண்டாம். ஸ்பீக்கர் வயரையும் அப்படியே வெட்டிப் பாருங்கள். வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு வயரே ஸ்பீக்கருக்கு நல்ல வயர். ஐசியையும் 10000 எம்எஃப்டி (மைக்ரோ ஃபாரட்) கெப்பாசிட்டரையும் மட்டும் கம்பெனியின் அங்கீகார விற்பனையாளரிடம் ஆன்லைனில் வாங்குங்கள். போலி 3886 நிறைய நடமாடுகிறது. பெரிய கூட்டுக்குள் சின்ன கெப்பாசிட்டரை வைத்து விற்பதும் உண்டு.

கட்டும்போது: பெயர் டி என்று முடியும் 3886 ஐசியின் உலோக முதுகில் மைனஸ் வோல்ட் நிற்கும், மின்சாரம் கடத்தாத மைக்கா தகடு இல்லாமல் ஹீட் சிங்கில் திருகாதீர்கள். டிஎஃப் என்று முடிவது இன்சுலேட் ஆனது. எட்டாவது கால் மியூட், சத்தத்தை நிறுத்தும் கால். அதிலிருந்து மைனஸ் பக்கம் குறைந்தது அரை மில்லி ஆம்பியர் ஓட வேண்டும், 33 கே ரெசிஸ்டர் போட்டால் சரியாக வரும். இல்லையென்றால் எல்லாம் சரியாக இருந்தும் சத்தமே வராது.

முதல் முறை கரண்ட் கொடுக்கும்போது சீரிஸ் பல்பு (கரண்ட் வரும் வழியில் இடையே மாட்டும் பல்பு) கட்டாயம். பழைய 60 வாட்ஸ் குண்டு பல்புதான் வேண்டும், எல்இடி உதவாது. ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. முழுசாக எரிந்துகொண்டே இருந்தால் உடனே அணையுங்கள், எங்கோ ஷார்ட். பிறகு ஸ்பீக்கர் மாட்டாமல் அவுட்புட்டில் டிசியை அளங்கள், 50 மில்லி வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கேபினெட் உலோகம் என்றால் எர்த் வயரை அதோடு திருகியே ஆக வேண்டும். வீட்டில் குழந்தைகள் இருப்பார்கள்.

பானைக்காரன்

பெட்டி விஷயத்தில் ஒரு யோசனை. எங்கள் ஊர்ப் பக்கம் 4440 ஐசி வைத்த ஆம்ப்ளிஃபயர் போர்டு செட்டுக்கு ஸ்பீக்கரை மண்பானை வாயில் வைத்துத்தான் கேட்போம். சென்னையில் அதைச் சொன்னால் பலர் மதிப்பதில்லை. உண்மையில் அது நல்ல மூடிய பெட்டி. ஸ்பீக்கரின் பின்பக்க ஒலி முன்பக்கத்தோடு கலக்காது, நேர் எதிர்ச் சுவர்கள் இல்லை, வளைவு காரணமாக விறைப்பும் அதிகம். பிளைவுட் வாங்கினால் ஐஎஸ் 710 (தண்ணீர் தாங்கும் பிளைவுட்) முத்திரை பார்த்து வாங்க வேண்டும், எம்டிஎஃப் (மர நார்ப் பலகை) என்றால் மழைக்காலத்தில் ஓரம் ஊதும். பானைக்கு அந்தக் கவலை இல்லை. சென்னையில் குயவர்கள் இருக்கும் கொசப்பேட்டையில் தேடினால் கிடைக்கும்.

வலந்தலை

பானை என்றதும் எனக்கு கடம்தான் ஞாபகம் வருகிறது. அது தானாகவே பாடுமே, ஸ்பீக்கருக்கு ஆகுமா?

பானைக்காரன்

சரியான கேள்வி அக்கா. கடத்துக்கு நல்ல பானை ஸ்பீக்கருக்கு ஆகாது. கடையில் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று நின்று ஒலிப்பதை விட்டுவிட்டு, 'டொக்' என்று உடனே அடங்குவதை எடுங்கள். தடித்த பானையாக இருக்கும். உள்சுவரில் தார் ஷீட் துண்டுகளை ஒட்டினால் மிச்ச நாதமும் அடங்கும். மெருகு பூசாத மண் என்பதால் காற்று கசியும், ஷீட் ஒட்டுவதற்கு முன்னால் உள்ளே இரண்டு கை பெயிண்ட் அடித்துக் காயவிட வேண்டும்.

கொள்ளளவைக் கண்டுபிடிப்பது பெட்டியைவிட சுலபம். வாங்கியதும் லிட்டர் பாட்டிலால் தண்ணீர் ஊற்றி எண்ணிக்கொள்ளுங்கள். ரசிகன் தம்பியின் ஊஃபருக்கு எத்தனை லிட்டர் வேண்டும் என்று கணக்கு வந்த பிறகு அதற்கேற்ற பானையைத் தேடலாம். வாயில் 18 எம்எம் பிளைவுட் வளையத்தை எபாக்ஸியால் ஒட்டி, அதில் ஊஃபரைத் திருகுங்கள். உள்ளே தலையணைப் பஞ்சு தளர்வாகப் போடுங்கள், திணிக்க வேண்டாம்.

சைதை ரசிகன்

ஊஃபரில் பெயரைத் தவிர எந்த எண்ணும் இல்லை. அந்த மூன்றையும் வீட்டிலேயே அளக்க வழி உண்டா?

டொராய்டு

உண்டு. ஒரு 100 ஓம்ஸ் ரெசிஸ்டர், கம்ப்யூட்டரின் சவுண்ட் கார்டு, இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருள், இவை போதும். முதலில் ஊஃபரைத் தனியாகத் தூக்கிப் பிடித்து இம்பிடன்ஸ் (ஏசிக்கு அது காட்டும் எதிர்ப்பு) அளங்கள். வளைவு உச்சம் தொடும் இடம் எஃப்எஸ்; அதன் வடிவிலிருந்து க்யூடிஎஸ்ஸை மென்பொருள் தரும். பிறகு கூம்பின் நடுவில் எடை தெரிந்த களிமண்ணை ஒட்டி இன்னொரு முறை அளந்தால், உச்சம் எவ்வளவு கீழே நகர்ந்தது என்பதிலிருந்து வாஸையும் அதுவே கணக்கிட்டுத் தரும். ஆனால் புது ஃபோம் ஒட்டி, பசை நன்றாகக் காய்ந்த பிறகு அளங்கள். இப்போது அளந்தால் எஃப்எஸ் வேறாகக் காட்டும்.